மேஸ்திரிகளுக்கு ஒரு சித்தாளின் மகள் எழுதும் மடல்

கட்டட வேலைக்கு ஆள் சேர்த்து நடத்தும் மேஸ்திரி அண்ணன்மார் எல்லோருக்கும்,



உங்களில் 11 பேரிடம் என் அம்மா சித்தாளாக வேலை பார்த்திருக்கிறாள். 1986இல் திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலைக்குச் சுவர் எழுப்பியபோது சட்டி தூக்க ஆரம்பித்தவள், 2018இல் தாம்பரத்துக்கு அப்பால் ஓர் அடுக்குமாடியில் முழங்கால் மடக்க முடியாமல் போய் நிறுத்தினாள். இடையில் 32 வருஷம். இத்தனை காலம் கட்டட வேலை பார்த்தாள் என்று எடுத்துக் காட்ட எங்கள் வீட்டில் செல்லுபடியாகிற ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அவளுடைய உச்சந்தலையில் மட்டும் ஓர் அடையாளம் இருக்கிறது. சும்மாடு அழுத்தி அழுத்தி முடி முளைக்காமலே போன இடம், பழைய ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு. எண்ணெய் வைத்துவிடும்போது என் விரல் அங்கே வந்ததும் நின்றுவிடும்.

நான் சிமெண்டும் கம்பியும் விற்கிற கடையில் கணக்கு எழுதுகிறேன், 14 வருஷமாக. காலையில் கடை திறந்ததும் முதலில் வருவது நீங்கள்தான். இன்னும் எத்தனை மூட்டை வேண்டும், யார் பெயரில் எழுதவேண்டும், பழைய பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. வீட்டுக்காரர் கொடுக்கவேண்டிய தவணையை இழுத்தடிக்கும்போது உங்கள் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போய் வந்ததும் எனக்குத் தெரியும். ஆகவே உங்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. சித்தாளின் மகளாகவும் உங்கள் கணக்கைப் பார்க்கிறவளாகவும் இருப்பதால், இரண்டு பக்கமும் தெரிந்த ஒருத்தி உங்களிடம் நேராகப் பேசவேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் நெருக்கடியை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரரோ இன்ஜினீயரோ உங்களோடு பேசுவது சதுர அடிக்கு இவ்வளவு என்று. அந்தத் தொகைக்குள் கொத்தனார், பெரியாள், சித்தாள், சென்ட்ரிங், கம்பி கட்டுகிறவர், சாரம், டீச்செலவு எல்லாம் அடங்க வேண்டும். பேரம் பேசும்போது சிமெண்ட் விலையை யாரும் குறைக்க முடியாது. கம்பி விலை கம்பெனிக்காரர் வைத்தது. குறைக்க முடிவது லேபர் ரேட் ஒன்றைத்தான். நாலு மேஸ்திரிகளைக் கூப்பிட்டு விலை கேட்டு, குறைவாகச் சொன்னவருக்கு வேலையைக் கொடுக்கிறார்கள். மழை வந்தால் வேலை நிற்கும், மணல் வராவிட்டால் நிற்கும், நல்ல நாள் பார்த்து நிற்கும். அந்த நாட்களின் நஷ்டத்தை வீட்டுக்காரர் ஏற்பதில்லை, நீங்களும் ஏற்க முடிவதில்லை. அது அப்படியே இறங்கி, அன்றைக்கு வேலை இல்லை என்று டிபன் பாக்ஸோடு திரும்பிப் போகிற சித்தாளின் மடியில் வந்து விழுகிறது. அம்மா அப்படித் திரும்பி வந்த நாட்களில் மதியச் சோறு எங்களுக்குக் காலையிலேயே கிடைத்துவிடும். அதில் எனக்கும் தம்பிக்கும் சந்தோஷமாக இருந்தது என்று இன்றைக்கு எழுதும்போது தொண்டை அடைக்கிறது.

படித்தவர்கள் இந்த வேலைக்கு 'முறைசாரா வேலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கானா நாட்டு அக்ரா நகரத்தின் ஏழைகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஆராய்ந்த கீத் ஹார்ட் என்ற மானிடவியலாளரிடமிருந்து 1970களின் தொடக்கத்தில் பரவிய சொல் அது. வேலை இல்லாதவர்கள் என்று அரசாங்கம் எண்ணிக்கொண்டிருந்த மக்கள் ஓயாமல் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள், கணக்கில் மட்டும் இல்லை என்று அவர் கண்டார். நம் நாட்டில் 2004இல் அர்ஜுன் சென்குப்தா தலைமையில் அமைந்த ஆணையம், உழைக்கிறவர்களில் 100க்கு 90 பேருக்கும் மேல் இப்படித்தான் இருக்கிறார்கள் என்று சொன்னது.

அந்தத் தமிழ்ச் சொல் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. முறை சாராத வேலை என்றால் முறையே இல்லாத வேலை என்றல்லவா படுகிறது? அம்மா பார்த்த வேலையில் இருந்த அளவுக்கு முறை, சம்பளப் பட்டியல் போடும் ஆபீசில்கூட இருக்காது. காலை எட்டரைக்குள் சைட்டில் நிற்கவேண்டும், பத்து நிமிஷம் தாமதமானால் அரை ஆள். கொத்தனார் வரும்போது கலவை தயாராக இருக்கவேண்டும். கொத்தனாருக்குப் பிறகுதான் சித்தாளுக்கு டீ. சாயங்காலம் கொத்தனார் கை கழுவிய பிறகு சட்டி, மண்வெட்டி கழுவுவதும், நேற்றுக் கட்டிய சுவருக்குத் தண்ணீர் விடுவதும் சித்தாள் பொறுப்பு. அதற்குத் தனிக்கூலி கிடையாது. சம்பளம் சனிக்கிழமை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சைட்டில் என்றால் இரண்டு பேர் கூலியும் புருஷன் கையில். தீபாவளிக்கு முன்பணம் வாங்கியவள் பொங்கல் வரை வேறு மேஸ்திரியிடம் போகக்கூடாது. இதில் எதையும் யாரும் எழுதி ஒட்டியதில்லை, மீறியவளும் இல்லை. முறை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது காகிதத்தில் இல்லாமல் உங்கள் வாயில் இருக்கிறது, அவ்வளவுதான். வேலை வேண்டுமா, கடன் வேண்டுமா, பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவா, நாளைக்கு வேலை உண்டா என்று தெரியவேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவள் உங்கள் முகத்தைத்தான் பார்க்கவேண்டும்.

இந்த நிலை இன்றைக்கு நேற்று வந்ததில்லை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் அரங்கங்களும் மேம்பாலங்களும் எழுந்தபோது நடந்த ஒரு வழக்கு உண்டு. அங்கே குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆள் கூட்டி வந்த ஜமேதார்கள் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார்கள். அந்த ஊர் மேஸ்திரிதான் ஜமேதார். மக்கள் ஜனநாயக உரிமை அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. பசியின் நெருக்கடியால் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வேலை செய்ய வந்தால், அதுவும் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்புதான் என்று நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பு எழுதினார். கயிறு கட்டி இழுத்து வந்தால்தான் கட்டாயம் என்றில்லை என்று ஒரு நீதிமன்றம் சொன்னது அம்மா மாதிரி பெண்களுக்குப் பெரிய வார்த்தை. அவள் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. நான் சொன்னபோது, "அந்த ஒரு ரூபாய்க்கா கோர்ட்டுக்குப் போனாங்க?" என்று கேட்டாள்.

அம்மா ஏன் கட்டட வேலைக்கு வந்தாள்? எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. நாற்று நடவும் களை எடுப்பும்தான் அவளுக்குப் பழக்கம். கிணறுகளில் தண்ணீர் கீழே போகப் போக நடவு குறைந்தது. மணிலாக் கடலை போட்டவர்கள் சவுக்கு வைத்தார்கள். சவுக்குக்கு வருஷக்கணக்கில் ஆளே வேண்டாம். பின்னால் அறுவடை மெஷினும் வந்தது. அப்பாவுக்குக் கிணறு வெட்டும் வேலை. போர்வெல் போட ஆரம்பித்ததும் அவருக்கும் வேலை போயிற்று, பிறகு குடி வந்தது. ஊரில் எங்கள் தெருக்காரர்களுக்குக் கடன் கொடுக்கிற கை ஒன்றிரண்டுதான், அந்தக் கைகள் கேட்கிற பதில் மரியாதையும் வேறு. டவுனில் சட்டி தூக்கினால் சனிக்கிழமை காசு. யாரையும் கும்பிட்டு நிற்கவேண்டாம். அவள் கட்டட வேலையை விரும்பி வந்தாள் என்றுதான் சொல்லுவாள், அது உண்மைதான். ஊரில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டிய இடத்திலிருந்து தப்பிக்கிற வழியாக நகரத்துக் கட்டடங்கள் எங்கள் ஜனங்களுக்கு இருந்திருக்கின்றன. அந்த நன்றியும் உங்கள்மேல் எனக்கு உண்டு.

ஆனால் வந்த இடத்தில் ஒரு சுவர் இருந்தது. சித்தாள் என்ற சொல்லைப் பாருங்கள், சிறிய ஆள். ஆணாகப் பிறந்தவன் பெரியாளாக வந்து, இரண்டு மூன்று வருஷம் கலவை போட்டு, கொத்தனார் டீ குடிக்கப் போன நேரத்தில் கரணையை எடுத்து இரண்டு கல் வைத்துப் பார்த்து, திட்டு வாங்கி, மறுபடி வைத்து, ஒரு நாள் கொத்தனார் ஆகிவிடுகிறான். கொஞ்சம் பேச்சுத் திறமையும் நாலு ஆளைச் சேர்க்கிற கையும் இருந்தால் மேஸ்திரி. உங்களில் பலர் அப்படித்தான் மேலே வந்தீர்கள். அம்மா 28 வயதில் சித்தாளாக வந்தாள், 60 வயதில் சித்தாளாகவே போனாள். அவளிடம் கலவை போடக் கற்றுக்கொண்ட பையன் ஒருவன் பிற்பாடு மேஸ்திரியாகி அவளையே வேலைக்குக் கூப்பிட்டான். அந்த 11 பேரில் அவனும் ஒருவன்.

இன்றைக்கு எங்கள் பக்கம் கொத்தனாருக்கு 1,000 ரூபாயை ஒட்டிக் கூலி என்றால் சித்தாளுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976இலேயே சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தால் அம்மாவைத் தொடக்கூட முடியவில்லை. ஒரே வேலையைக் கொடுத்தால்தானே ஒரே கூலி கேட்க முடியும்?

அவளுக்கு வேலை தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2005 மழையில் எங்கள் வீட்டுப் பின்சுவர் விழுந்தது. கொத்தனார் வைக்கக் காசு இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பழைய கரணையை வாங்கி வந்தாள். நூலில் ஒரு சப்பட்டைக் கல்லைக் கட்டித் தூக்குக்குண்டு ஆக்கினாள். வேலை முடிந்து வந்து, சோறு ஆக்கி வைத்துவிட்டு, குண்டு பல்பை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, நாலு ராத்திரி கட்டினாள். நான்தான் கல் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு கல்லையும் தண்ணீரில் முக்கி எடுத்து, கரணைக் காம்பால் இரண்டு தட்டு தட்டி உட்கார வைப்பாள். "மூட்டு மேல மூட்டு வரக்கூடாது. வந்தா மழைத்தண்ணி நேரா இறங்கிடும்" என்று சொல்லிக்கொண்டே அரைக்கல்லை உடைத்து வைத்தாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரின் முனையிலிருந்து பார்ப்பாள். அப்படி அவள் பார்த்து அதுவரை நான் கண்டதில்லை. சைட்டில் சட்டி தூக்குகிறவள் சுவரைப் பார்க்க மாட்டாள், காலடியைத்தான் பார்ப்பாள். கடைசி ராத்திரி பூச்சு. மட்டப்பலகையை இழுத்து, மணியாசுக் கட்டையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தபோது அவள் முகத்தில் களைப்பே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவளை வேலைக்குக் கூப்பிட ஒரு மேஸ்திரி வந்தார். பின்பக்கம் கை கழுவப் போனவர் சுவரைத் தடவிப் பார்த்தார். "யாரு கொத்தனாரு? கை நல்லா இருக்கே" என்றார். "நம்ம ஆளுதான் மேஸ்திரி" என்றாள் அம்மா. அவர் அதற்குமேல் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவர் சைட்டில் சட்டி தூக்கப் போனாள். அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. அதில் விரிசல் இல்லை.

நீங்கள் சொல்கிற காரணங்களைக் கடையில் பலமுறை கேட்டிருக்கிறேன். பொம்பளை சாரத்தில் ஏற முடியாது என்கிறீர்கள். 30 கிலோ கலவையைத் தலையில் வைத்துக்கொண்டு கைப்பிடி இல்லாத படிக்கட்டில் மூன்றாவது மாடி ஏறுகிறவளைப் பார்த்தா அப்படிச் சொல்கிறீர்கள்? வீட்டுக்காரர் ஒப்ப மாட்டார் என்கிறீர்கள். வீட்டுக்காரருக்குச் சுவர் நேராக இருக்கவேண்டும், அவர் வேறு எதைப் பார்க்கப்போகிறார்? பொம்பளை கொத்தனாருக்குக் கீழே பெரியாள் வேலை செய்ய மாட்டான் என்பதுதான் கடைசியாக மெதுவாக வருகிற காரணம். இது நிஜம். கரணை கைக்குக் கை மாறுவது அப்பனிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மச்சானுக்கு, ஒரே தெரு ஆட்களுக்குள். அந்த வரிசையில் பெண்டாட்டிக்கும் அக்காவுக்கும் இடம் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுக்காத தொழிலில் கற்றுக்கொடுக்கிறவர் மனசு வைத்தால்தான் உண்டு. வேறு கதவு கிடையாது.

பிள்ளையை எங்கே விடுவது என்பது இன்னொன்று. என் தம்பி ஒரு வயது வரை வேப்பங்கிளையில் கட்டிய தூளியில், ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் தூங்கினவன். கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996இல் வந்த மத்தியச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அறை வேண்டும் என்றது. எந்த வீட்டு வேலையில் 50 சித்தாள் இருக்கிறார்கள்? கக்கூஸ் இல்லாததால் அம்மா காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். அதனால் வந்த நோய் இன்னும் போகவில்லை. இதற்குமேல் இதை விவரிக்க எனக்குத் தெம்பில்லை.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு இதில் பல மாநிலங்களுக்கு முன்னால் நடந்த மாநிலம். 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1994 நவம்பர் 30 அன்று கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. இரண்டும் சங்கத்துப் பெண்களும் ஆண்களும் வருஷக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து வாங்கியவை. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கு வரியாக வந்து வாரியத்தில் சேர்கிறது. பிள்ளை படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்து, 60க்குப் பிறகு மாதாமாதம் ஓய்வூதியம் எல்லாம் அதிலிருந்துதான். நாட்டில் எல்லா மாநிலங்களிலும் சேர்ந்து வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல், தொழிலாளிக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 9,500 கோடிதான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இப்போது பழைய சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். தொகுப்பு மாறினாலும் சட்டத்துக்குள் நுழைகிற வாசல் ஒன்றுதான். நீ கட்டடத் தொழிலாளி என்பதற்கு என்ன அத்தாட்சி?

1996 சட்டத்தில், 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் போதும், பதிவு செய்யலாம் என்று இருந்தது. அம்மா எந்த வருஷமும் 200 நாளுக்குக் குறையாமல் வேலை செய்தவள். ஒரு சங்கத்தின் மூலம் ஒருமுறை அட்டை வாங்கியும் வைத்திருந்தாள். இடையில் புதுப்பிக்காமல் விட்டதில் அது செல்லாமல் போயிற்று. 58 வயதில், ஓய்வூதியத்துக்காகத் திரும்பவும் பதிவு செய்வோம் என்று, 6 வருஷம் வேலை பார்த்த மேஸ்திரியிடம் எழுதி வாங்கப் போனாள். நானும் கூடப் போனேன். நல்ல மனிதர், உட்கார வைத்து மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"எழுத்துலாம் வேணாம்மா. நாளைக்கு ஆபீசர் வந்து இந்த அம்மா உன்கிட்டதான வேல செஞ்சுதுன்னா நான்தான நிக்கணும்? உனக்கு இப்ப என்ன, பணமா வேணும்? இந்தா வச்சுக்க."

சட்டைப் பையிலிருந்து 500 ரூபாய் எடுத்து அம்மா கையில் வைத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது, "பாவம், அவருக்கும் பயம்" என்றாள். அவர் சொந்தக் கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் அவள் சாகும்வரை மாதம் பிறந்ததும் ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கும். அந்த 500 ரூபாயில் மூட்டு வலி மாத்திரை மூன்று வாரத்துக்கு வந்தது. 2020 ஊரடங்கில் நலவாரியத்தில் பெயர் இருந்தவர்களுக்கு அரசாங்கம் 1,000 ரூபாய் கொடுத்தபோது, எங்கள் தெருவில் கட்டட வேலைக்குப் போகிற வீடுகளில் பாதிக்குமேல் வெறும் கையோடு நின்றன. அந்த வீடுகளின் பெயர் எந்தப் பதிவிலும் இருக்கவில்லை.

அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எழுதிக் கொடுத்தால் தான் முதலாளி என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்ற பயம். மேலே இருக்கிற இன்ஜினீயர் உங்களுக்கு எழுதிக் கொடுப்பதில்லை, அவருக்கு மேலே இருக்கிற கம்பெனி அவருக்குச் சரியாக எழுதிக் கொடுப்பதில்லை. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொருவரும் தன் பொறுப்பு இல்லை என்று கை உதறுவதற்காகத்தான் இத்தனை படிகள் வைத்திருக்கிறார்கள். எழுத்து இல்லாமல் இருப்பதால் ஆதாயம் அடைகிறவர்கள் உச்சியில் இருக்கிறார்கள், வாய் உங்களுடையதாக இருப்பதால் பழி உங்களிடம் நிற்கிறது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம், சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஜனங்கள் அதில் நிறையப் பேர். தேடுதல் நடந்த நாட்களில், இடிபாட்டுக்குள் எத்தனை பேர் என்ற கணக்கு நாளுக்கு நாள் மாறிக்கொண்டே வந்ததை டிவியில் பார்த்தோம். அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "எங்க சைட்டு விழுந்தா எங்க பேரு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். நீங்கள் கட்டுகிற கட்டடத்தில் உங்கள் பேரும் எந்தக் காகிதத்தில் இருக்கிறது, அண்ணே?

இதையெல்லாம் இப்போது எழுத ஓர் அவசரம் இருக்கிறது. சித்தாள் வேலையே போய்க்கொண்டிருக்கிறது. முன்பு தளம் போடும் நாளில் 20 பெண்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு திருவிழா மாதிரி இருக்கும். இன்றைக்கு ரெடிமிக்ஸ் லாரி வருகிறது, பம்பில் குழாய் வழியாகக் கான்கிரீட் மேலே போகிறது. செங்கல்லுக்குப் பதில் பெரிய பிளாக் கல். சின்ன வீட்டுக்கும் லிப்ட் மெஷின். எங்கள் கடையில் ஆற்று மணல் பேரே எழுதி எத்தனையோ நாளாகிறது, மூட்டையில் ரெடியாக வருகிற பூச்சுக் கலவை விற்கிறது. மிச்சமிருக்கிற தூக்கிச் சுமக்கிற வேலைக்கு ஒடிசா, பீகார், வங்காளத்துப் பையன்கள். சைட்டிலேயே தங்குகிறார்கள், வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஆறு மணிக்குக் கிளம்புவதில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அம்மா 1986இல் திண்டிவனம் பஸ் ஏறின அதே காரணத்துக்காகத்தான் அவர்கள் ரயில் ஏறுகிறார்கள். ஆனால் சட்டி தலையிலிருந்து இறங்கிவிட்ட பெண்ணுக்குக் கையில் கரணை இல்லை. அவளுக்குக் குழுக் கடன் தவணை மட்டும் வாரம் தவறாமல் வருகிறது. 45 வயதில் அவள் வீட்டு வேலைக்கும் குப்பை பிரிக்கவும் போகிறாள், அங்கேயும் சீட்டு கிடையாது. 20 வருஷம் கட்டடத்தில் கற்றது எல்லாம் வீண்.

பெண்ணால் முடியுமா என்று இனியும் கேட்பவர்களுக்கு ஒன்று. ஜார்க்கண்டில் கிராமக் கழிப்பறைகள் கட்ட ஆள் போதாமல் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். அங்கே அவர்களுக்கு 'ராணி மிஸ்திரி' என்று பெயரே வந்துவிட்டது. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்கள் கட்டுமானக் குழுவாகச் சேர்ந்து அஸ்திவாரம் முதல் கூரை வரை வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கெல்லாம் அரசாங்கம் கைகொடுத்தது. இங்கே அரசாங்கம் பயிற்சி வைத்தாலும், பயிற்சி முடித்தவளை மறுநாள் காலையில் சைட்டுக்குக் கூப்பிடவேண்டியது நீங்கள்தான்.

நான் கேட்பது இரண்டு. உங்களிடம் 90 நாள் வேலை செய்தவளுக்கு 90 நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கையில் ஏற்கனவே ஆள் கணக்கு நோட்டு இருக்கிறது. யார் எத்தனை நாள், யாருக்கு அரை ஆள் என்று என்னைவிட நன்றாக எழுதுகிறீர்கள். அதைப் பார்த்து எழுதினால் போதும். அப்படியே உங்கள் பெயரையும் நலவாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்கும் முதுமை வரும். இரண்டாவது, உங்கள் குழுவில் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிற சித்தாள் ஒருத்தியிடம் கரணையைக் கொடுங்கள். முதலில் காம்பவுண்டுச் சுவர், குளியலறைப் பூச்சு என்று சின்ன வேலையில் ஆரம்பியுங்கள். கை படியும்வரை கூடச் செலவாகும் நேரத்தை, பெரியாள் பையனுக்குப் பொறுத்துக்கொண்ட மாதிரி இவளுக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் கொத்தனார் வேலை செய்கிற நாளில் கொத்தனார் கூலி கொடுங்கள்.

செலவு யார் தலையில் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீடு கட்டிக்கொள்கிறவர்கள் தலையில்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வருகிற தை பிறந்ததும் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டப்போகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு, பக்கத்தில் ஒரு குளியலறை. நாலு மேஸ்திரிகளைக் கூப்பிட்டுச் சதுர அடிக்கு யார் குறைவு என்று கேட்கப்போவதில்லை. உங்கள் ரேட்டில் பேரம் பேச மாட்டேன். தவணையைத் தளம் போட்ட அன்றே கொடுத்துவிடுவேன், என் கணக்கில் அது ஏற்கனவே தனியாக இருக்கிறது. வருகிற மேஸ்திரியிடம் நான் கேட்பது, உங்கள் குழுவில் கரணை பிடிக்கிற பெண் யார், இல்லாவிட்டால் யாருக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள் என்பதுதான். பூச்சு வேலை அன்று அம்மா கீழே திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். முழங்கால் ஒத்துழைத்தால் மாடிக்கு வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள்.

அன்புடன்,
உங்களிடம் வேலை பார்த்த ஒரு சித்தாளின் மகள்
திண்டிவனம்